மூடிய பரப்பும் மின்பாயமும்: எல்லையில் நின்று உள்ளிருப்பதை அறிதல்

மின்னியலைப் பாடமாகப் பயிலும் மாணவர் ஒருவரிடம் ஒரு வினாவை வைத்துப் பார்ப்போம். ஒரு மூடிய பரப்பின் வழியே செல்லும் மொத்த மின்பாயம் சுழி எனில், அப்பரப்பின் மீது மின்புலத்தின் அளவு என்ன? மாணவர் பலரும் சற்றும் தயங்காமல் தரும் விடை 'சுழி' என்பதேயாகும். அவ்விடை தவறானது. ஆயினும் அதே மாணவரிடம் காஸ் விதியைக் கூறுமாறு கேட்டால் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பிப்பார். சூத்திரம் நாவில் இருக்கிறது. பொருள் உள்ளத்தில் இறங்கவில்லை.

இது ஒரு சிறு பிழையெனத் தள்ளிவிடத்தக்கதன்று. மின்காந்தவியல் என்னும் மாளிகையைத் தாங்கும் நான்கு தூண்களில் ஒன்று காஸ் விதி. அதைப் பொருளறியாமல் கடந்து செல்பவருக்குப் பின்னர் வரும் பாடங்கள் யாவும் வெறும் குறியீடுகளின் அணிவகுப்பாகவே தோன்றும். எனவே மூடிய பரப்பின் வழியே செல்லும் மின்பாயம் என்பது என்ன, அது ஏன் உள்ளிருக்கும் மின்னூட்டத்தை மட்டுமே சார்ந்து நிற்கிறது, அவ்வுண்மையை மனிதர் எவ்வாறு சோதித்தறிந்தனர் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பாயம் என்னும் சொல்

'பாய்தல்' என்னும் வினையிலிருந்து வந்தது 'பாயம்' என்னும் கலைச்சொல். ஆனால் மின்புலத்தில் உண்மையில் எதுவும் பாய்வதில்லை. பாயும் நீருக்கும் மின்புலத்துக்கும் கணக்கீட்டு முறையில் உள்ள ஒப்புமை கருதியே இச்சொல் ஆளப்படுகிறது. அவ்வொப்புமையின் எல்லையை மறவாதவரை அது நமக்கு நல்ல துணையாகும்.

ஓடும் ஆற்றில் எல்லாப் பக்கமும் மூடிய ஒரு வலைக்கூடையை மூழ்க வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கத்தின் வழியே நீர் உள்ளே நுழைகிறது. மறுபக்கத்தின் வழியே வெளியேறுகிறது. கூடைக்குள் நீர் தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை என்றால், நுழைவதும் வெளியேறுவதும் சமமாகவே இருந்தாக வேண்டும். வெளியேற்றத்தைக் கூட்டற்குறியாகவும் நுழைவைக் கழித்தற்குறியாகவும் கொண்டால் நிகரக் கணக்கு சுழியாகிறது. ஆறு ஓடவில்லை என்பது இதன் பொருளா? இல்லை. ஆறு வெள்ளமாய்ப் பெருகினாலும் கணக்கு சுழிதான்.

இப்போது கூடைக்குள் ஓர் ஊற்றுக்கண் இருப்பதாகக் கொள்வோம். நுழைவதைவிட வெளியேறுவது மிகும். அம்மிகுதி ஊற்றின் சுரப்புக்குச் சமம். ஊற்றுக்கு மாறாக நீரை உறிஞ்சும் ஒரு துளை இருந்தால் கணக்கு எதிர்குறியாக அமையும். ஊற்று கூடையின் நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும், கூடை உருண்டையாக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் மொத்தக் கணக்கு மாறுவதில்லை. கூடைக்கு வெளியே எத்தனை ஊற்றுகள் இருப்பினும் அவை இக்கணக்கில் சேர்வதில்லை. ஏனெனில் அவற்றின் நீர் கூடைக்குள் நுழைந்தாலும் வெளியேறியே தீரும். நேர் மின்னூட்டத்தை ஊற்றாகவும் எதிர் மின்னூட்டத்தை உறிஞ்சும் துளையாகவும் கொண்டால், காஸ் விதியின் சாரம் இதுவே.

அளவிடும் முறை

ஒப்புமையை விட்டு அளவுக்கு வருவோம். ஒரு சிறு சமதளப் பரப்பின் வழியே செல்லும் மின்பாயம் என்பது மூன்றின் பெருக்கற்பலன்: மின்புலத்தின் செறிவு, பரப்பின் அளவு, பரப்பின் செங்குத்துக் கோட்டுக்கும் மின்புலத்துக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன். புலம் பரப்பை நேராகத் துளைத்தால் பாயம் பெருமம். பரப்பை உரசிக்கொண்டு செல்லுமானால் பாயம் சுழி. மூடிய பரப்பில் செங்குத்துக் கோட்டை எப்போதும் வெளிநோக்கியே வரைகிறோம். எனவே வெளியேறும் பாயம் நேர்குறியும், உள்நுழையும் பாயம் எதிர்குறியும் பெறுகின்றன. திறந்த பரப்புக்கு 'உள்', 'வெளி' என்னும் பாகுபாடு இல்லை. மூடிய பரப்புக்கு மட்டுமே அது உண்டு என்பதைக் கருத்தில் இருத்துவோம்.

ஓர் எடுத்துக்காட்டு: கூலூமுக்கு 500 நியூட்டன் அளவுள்ள சீரான மின்புலத்தில், 10 செ.மீ. பக்கமுடைய கனசதுரம் ஒன்று அதன் இரு முகங்கள் புலத்துக்குச் செங்குத்தாக அமையுமாறு வைக்கப்பட்டுள்ளது. ஒரு முகத்தின் பரப்பு 0.01 சதுர மீட்டர். புலம் நுழையும் முகத்தில் பாயம் −5. வெளியேறும் முகத்தில் +5. மற்ற நான்கு முகங்களையும் புலம் உரசிச் செல்வதால் அங்கே சுழி. மொத்தம் சுழி. எனினும் கனசதுரத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மின்புலம் 500 என்னும் முழு அளவில் இருக்கிறது. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இந்தச் சிறு கணக்கே போதிய விடையாகும்.

கோளத்தின் வழியே

ஒரு நானோ கூலூம், அதாவது 10⁻⁹ கூலூம் அளவுள்ள புள்ளி மின்னூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதை மையமாக வைத்து 1 மீட்டர் ஆரமுள்ள கோளம் ஒன்றைக் கற்பனையில் வரைவோம். கூலூம் விதிப்படி அக்கோளத்தின் மீது எங்கும் மின்புலம் ஏறத்தாழ 9 நியூட்டன்/கூலூம். கோளத்தின் பரப்பு 12.57 சதுர மீட்டர். இரண்டின் பெருக்கற்பலன் ஏறத்தாழ 113.

ஆரத்தை 2 மீட்டராக்குவோம். தொலைவு இரட்டித்ததால் மின்புலம் நான்கில் ஒன்றாகக் குறைந்து 2.25 ஆகிறது. பரப்போ நான்கு மடங்காகப் பெருகி 50.27 ஆகிறது. பெருக்கற்பலன் மீண்டும் 113. எந்த ஆரத்தை எடுத்தாலும் இதே எண்தான். மின்னூட்டத்தை வெற்றிடத்தின் விடுதிறனாகிய 8.85 × 10⁻¹² என்பதால் வகுத்துப் பார்த்தாலும் 113 கிடைக்கும். இதுவே காஸ் விதி: மூடிய பரப்பின் வழியே செல்லும் மொத்த மின்பாயம், அப்பரப்புக்குள் அடங்கிய நிகர மின்னூட்டத்தை விடுதிறனால் வகுத்த ஈவுக்குச் சமம்.

இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. புலம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. இவ்விரண்டும் துல்லியமாக ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் பாயம் மாறாமல் நிற்கிறது. கூலூம் விதியில் உள்ள அடுக்கு இரண்டாக இல்லாமல் இரண்டரையாகவோ, இரண்டுக்கு மிக நெருங்கிய வேறோர் எண்ணாகவோ இருந்திருந்தால் காஸ் விதி பொய்த்துப் போயிருக்கும்.

கோளம் அல்லாத பரப்புகள்

கோளத்துக்குப் பொருந்துவது கோணல்மாணலான பரப்புக்கும் பொருந்துமா? மின்னூட்டத்தை உச்சியாகக் கொண்டு மிக ஒடுங்கிய கூம்பு ஒன்றை வரைவோம். அது நம் பரப்பில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுக்கும். அத்துண்டு சாய்ந்திருந்தால், நேராக நிற்கும் துண்டைவிட அதன் பரப்பு மிகுதியாக இருக்கும். சாய்கோணத்தின் கொசைனால் வகுத்த அளவுக்கு மிகும். ஆனால் பாயத்தைக் கணக்கிடுகையில் அதே கொசைனால் பெருக்குகிறோம். மிகுந்ததும் குறைந்ததும் ஈடாகிவிடுகின்றன. துண்டு தொலைவில் இருந்தால் பரப்பின் வளர்ச்சியும் புலத்தின் தளர்ச்சியும் ஈடாகின்றன. ஆகவே ஒரு கூம்பின் வழியே செல்லும் பாயம், அக்கூம்பின் அகலத்தை மட்டுமே பொறுத்தது. துண்டின் சாய்வையோ தொலைவையோ பொறுத்ததன்று. மின்னூட்டத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் கூம்புகளை வரைந்து கூட்டினால், எவ்வடிவப் பரப்பாயினும் கோளத்துக்குரிய அதே எண் கிடைக்கிறது.

மின்னூட்டம் பரப்புக்கு வெளியே இருந்தால்? கூம்பு பரப்பை ஓரிடத்தில் துளைத்து நுழைந்து மற்றோரிடத்தில் துளைத்து வெளியேறும். நுழைவின் பாயமும் வெளியேற்றத்தின் பாயமும் அளவில் சமம், குறியில் எதிர். எனவே வெளி மின்னூட்டத்தின் மொத்தப் பங்களிப்பு சுழி. மின்னூட்டங்கள் பல இருந்தால் ஒவ்வொன்றின் புலத்தையும் தனித்தனியே கருதிக் கூட்டலாம் என்பதால், விதி எத்தனை மின்னூட்டங்களுக்கும் பொருந்துகிறது.

மூன்று மயக்கங்கள்

மாணவர் இவ்விடத்தில் வழிதவறுவது பெரும்பாலும் மூன்று வகையில் நிகழ்கிறது.

முதலாவது, பாயம் சுழியெனில் புலமும் சுழியென எண்ணுவது. சீரான புலத்தில் வைத்த கனசதுரத்தை முன்னரே கண்டோம். சம அளவுள்ள ஒரு நேர் மின்னூட்டத்தையும் ஓர் எதிர் மின்னூட்டத்தையும் உள்ளடக்கிய பரப்பும் அத்தகையதே. நிகர மின்னூட்டம் சுழி. மொத்தப் பாயமும் சுழி. ஆனால் அவ்விருமுனையின் புலம் பரப்பெங்கும் விரவியிருக்கிறது.

இரண்டாவது, விதியில் வரும் மின்புலம் உள் மின்னூட்டங்களால் மட்டுமே உண்டாவது என எண்ணுவது. பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள புலம் உள்ளும் புறமும் உள்ள எல்லா மின்னூட்டங்களாலும் உண்டான மொத்தப் புலமே. வெளியே ஒரு மின்னூட்டத்தைக் கொண்டுவந்தால் பரப்பின் மீதுள்ள புலம் இடத்துக்கு இடம் மாறும்; ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். மாறாதிருப்பது கூட்டுத்தொகை மட்டுமே.

மூன்றாவது, காஸ் விதியைக் கொண்டு எந்தப் புலத்தையும் கணக்கிட்டுவிடலாம் என எண்ணுவது. விதி எல்லா மூடிய பரப்புக்கும் உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் பயன்தராது. கோளம், நீண்ட உருளை, அகன்ற தளம் போன்ற சமச்சீர் உள்ள இடங்களில், பரப்பின் மீது புலம் ஒரே அளவினது என முன்கூட்டியே அறிய முடிகிறது. அங்கே மட்டுமே கூட்டுத்தொகையிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் புலத்தைப் பிரித்தெடுக்கலாம். ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவு தெரிந்தால் ஒவ்வொருவரின் செலவும் தெரிந்துவிடாது. எல்லோரும் சமமாகச் செலவிட்டனர் என்பது தெரிந்தால் மட்டுமே வகுத்துக் கூறலாம்.

இம்மூன்றையும் தெளிந்தவருக்குக் கடினம்போல் தோன்றும் வினாக்களும் எளிதாகின்றன. நம் ஒரு நானோ கூலூம் மின்னூட்டம் கனசதுரத்தின் மையத்தில் இருந்தால், ஆறு முகங்களும் சமநிலையில் உள்ளதால் ஒவ்வொன்றின் வழியேயும் 113-இல் ஆறிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 18.8 செல்லும். அதே மின்னூட்டம் கனசதுரத்தின் ஒரு மூலையில் இருந்தால்? அம்மூலையைச் சுற்றி அதே அளவுள்ள எட்டுக் கனசதுரங்களை அடுக்கினால்தான் மின்னூட்டம் முழுமையாக மூடப்படும். எனவே ஒரு கனசதுரத்துக்கு உரியது எட்டிலொரு பங்கு, ஏறத்தாழ 14.1. மூலையைத் தொடும் மூன்று முகங்களையும் புலம் உரசியே செல்வதால் அவற்றின் வழியே பாயம் இல்லை. எஞ்சிய மூன்று முகங்களும் அதைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4.7. இங்கே நீண்ட தொகையீட்டுக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

சோதித்தறிந்தோர்

இவ்விதியின் வரலாறு, அதன் பெயரைவிட நீண்டது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் வியப்பான ஒன்றைக் கவனித்தார். மின்னேற்றிய வெள்ளிப் பாத்திரத்துக்குள் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்ட தக்கை உருண்டை, பாத்திரத்தின் உட்சுவரால் ஈர்க்கப்படவில்லை. பாத்திரத்தின் வெளிப்புறத்தருகே அதே உருண்டை ஈர்க்கப்பட்டது. அவர் தூண்டுதலால் இச்சோதனையை மீண்டும் செய்து பார்த்த இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, 1767-இல் வெளியிட்ட மின்னியல் வரலாற்று நூலில் ஒரு கூர்மையான முடிவைக் கூறினார். உள்ளீடற்ற கோள ஓட்டுக்குள் ஈர்ப்பு விசை இல்லை என்று நியூட்டன் நிறுவியிருந்தார். அது இருமடி எதிர்விகித விதியின் விளைவு. எனில் மின்விசையும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பதே அம்முடிவு.

ஹென்றி கேவண்டிஷ் இதை அளவோடு சோதித்தார். 1772-73 காலப்பகுதியில், ஒரு கோளத்தை இரு அரைக்கோள ஓடுகளால் மூடி, இரண்டையும் கம்பியால் இணைத்து, வெளி ஓட்டுக்கு மின்னேற்றினார். பின்னர் இணைப்பை நீக்கி, ஓடுகளைப் பிரித்து, உட்கோளத்தைச் சோதித்தார். அதில் மின்னூட்டம் எதுவும் புலப்படவில்லை. அவருடைய கருவியின் நுண்மையைக் கொண்டு, விதியில் உள்ள அடுக்கு இரண்டிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருக்க முடியாது என்று கணித்தார். கூலூம் தம் முறுக்குத் தராசுச் சோதனையை வெளியிட்டது 1785-இல்தான். ஆனால் கேவண்டிஷ் தம் முடிவை வெளியிடவேயில்லை. அவருடைய கையெழுத்துப் படிகளைப் பதிப்பித்து 1879-இல் உலகறியச் செய்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். நூறாண்டுகளுக்கு மேல் ஓர் அரிய அறிவு பெட்டிக்குள் உறங்கிக் கிடந்தது என்பது எண்ணத்தக்கது.

அதே சோதனையைச் செம்மைப்படுத்திய மாக்ஸ்வெல்லின் குழுவினர் விலகலின் எல்லையை 21,600-இல் ஒரு பங்காகக் குறைத்தனர். 1936-இல் பிளிம்டனும் லாட்டனும் அதை நூறு கோடியில் இரண்டு பங்காகக் குறைத்தனர். 1971-இல் வில்லியம்ஸ், பாலர், ஹில் ஆகியோர் செய்த சோதனையின்படி, விலகல் ஏதேனும் இருப்பின் அது 10⁻¹⁵ என்னும் அளவினும் சிறியது. தொலைவை அளந்து விசையை அளந்து இத்துணைத் துல்லியத்தை எட்டுதல் இயலாது. மூடிய ஓட்டுக்குள் 'ஒன்றுமில்லை' என்பதைக் காண்பதன் வாயிலாகவே அது கைகூடிற்று.

கணித வடிவிலோ, லக்ராஞ்சு 1773-இல் ஈர்ப்பு விசையை ஆராய்கையில் இக்கருத்தைத் தொட்டார். ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1835-இல் இதை வகுத்தார். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1867-இல் அது அச்சேறியது. ஏறத்தாழ அதே வேளையில், 1836-இல், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே 12 அடிப் பக்கமுள்ள ஒரு கூண்டைக் கட்டினார். அதன் புறத்தை உலோகத் தகட்டால் போர்த்தி, வலிய மின்னேற்றம் செய்தார். வெளியே பொறிகள் பறந்தன. கூண்டுக்குள் நுழைந்த பாரடே தம் நுண்ணிய கருவிகளில் எவ்வித அசைவையும் காணவில்லை. காஸ் கணிதத்தின் சிகரம். கொல்லரின் மகனாகப் பிறந்து நூல் கட்டும் தொழில் பயின்ற பாரடேயோ உயர்கணிதம் அறியாதவர். ஒருவர் சமன்பாட்டாலும் மற்றவர் விசைக்கோடுகளாலும் ஒரே உண்மையை அணுகினர். இரண்டையும் இணைத்துக் காட்டியவர் மாக்ஸ்வெல்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கூண்டுக்குள் புலம் இல்லை என்பதைக் காஸ் விதி மட்டுமே நிறுவிவிடாது. உள்ளே மின்னூட்டம் இல்லாததால் பாயம் சுழி எனலாம். ஆனால் பாயம் சுழியாவதால் புலம் சுழியாகிவிடாது என்று நாமே கூறினோமல்லவா? உட்சுவரின் ஒரு புறத்தில் தொடங்கி மறுபுறத்தில் முடியும் விசைக்கோடு ஒன்று இருக்கக்கூடுமெனில், அதன் வழியே ஒரு மின்னூட்டத்தைக் கொண்டுசென்று, புலமே இல்லாத உலோகத்தினூடே தொடங்கிய இடத்துக்கு மீட்டால், செலவின்றி ஆற்றல் கிடைத்துவிடும். நிலைமின்னியலில் அது நிகழாது. ஆகவே அத்தகைய கோடும் இருக்க முடியாது. காஸ் விதியும் ஆற்றல் அழிவின்மையும் சேர்ந்தே கூண்டின் காவலை உறுதிசெய்கின்றன. இடியுடன் கூடிய மழையில், உலோகக் கூரையும் உடலும் கொண்ட காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அமர்ந்திருப்பவர், மரத்தடியில் ஒதுங்கியவரைவிடப் பெரிதும் பாதுகாப்பாக இருப்பதற்கு அடிப்படை இதுவே. காப்பது டயரின் ரப்பர் அன்று. சுற்றிலும் மூடிய உலோகப் பரப்பு.

நம் காலடியில் ஒரு மூடிய பரப்பு

இறுதியாக, இவ்விதியின் ஆற்றலை உணர்த்த நாம் வாழும் புவியையே எடுத்துக்கொள்வோம். தெளிந்த வானமுள்ள நாளில் தரையருகே ஒரு மின்புலம் கீழ்நோக்கி அமைந்திருக்கிறது. அதன் சராசரி அளவு மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட். இது கூலூமுக்கு 100 நியூட்டன் என்பதற்குச் சமம். புவியின் மேற்பரப்பு 5.1 × 10¹⁴ சதுர மீட்டர். புவியைத் தரைக்குச் சற்று மேலே சூழும் ஒரு மூடிய பரப்பை எண்ணிக்கொள்வோம். புலம் எங்கும் உள்நோக்கியதாகையால் மொத்தப் பாயம் எதிர்குறியுடையது, அளவில் 5.1 × 10¹⁶. இதை விடுதிறனால் பெருக்கினால் ஏறத்தாழ 4,50,000 கூலூம் கிடைக்கிறது. புவி அவ்வளவு எதிர் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கிறது என்பது இதன் பொருள்.

இம்மின்னூட்டம் காற்றின் வழியே ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது. ஆயினும் அது தீர்ந்துபோவதில்லை. உலகெங்கும் ஓயாது எழும் இடிமுகில்களே அதை ஈடுசெய்கின்றன என்று 1920-இல் சி.டி.ஆர். வில்சன் எடுத்துரைத்தார். அக்கருத்து இன்றும் அடிப்படையில் ஏற்கப்பட்டுள்ளது. நம் தலைக்கு மேல் இடிக்கும் மேகமும் காலடியில் உள்ள மண்ணும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவும் ஆகின்றன.

எவரும் புவியைத் துளைத்து உள்ளே சென்று மின்னூட்டத்தை எண்ணவில்லை. எல்லையில் நின்று அளந்தனர், உள்ளிருப்பதை அறிந்தனர். மூடிய பரப்பின் பாயம் நமக்குக் கற்பிப்பது இதுவே. உள்ளே மின்னூட்டம் எங்கே இருக்கிறது, எத்தனை துண்டுகளாக இருக்கிறது என்பதை அது கூறாது. நிகரத் தொகை எவ்வளவு என்பதை மட்டும் பிழையின்றிக் கூறும். எதைக் கூறும், எதைக் கூறாது என்னும் இவ்விரண்டையும் சேர்த்து அறிவதே ஒரு விதியை அறிவதாகும். நம் பிள்ளைகள் சூத்திரத்தை ஒப்பிக்கும்போது, முதலில் குறிப்பிட்ட அந்த வினாவை அவர்களிடம் கேட்டுப் பார்ப்போம். தவறான விடை வந்தால் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஓடும் ஆற்றில் மூழ்கிய வலைக்கூடையை நினைவூட்டினால் போதும்; எஞ்சிய வழியை அவர்களே நடந்துவிடுவர்.